கருஞ்சிறுத்தைக்கும் புள்ளி உண்டு! கென்யிர் காட்டுக்குப் போய் வருவோம், வாருங்கள்

உங்கள் கையில் ஒரு படத்தைக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டோரத்து மரம் ஒன்றில் கட்டிவைத்திருந்த தானியங்கிப் படப்பெட்டி எடுத்த படம் அது. இலை தெரிகிறது, புல் தெரிகிறது, ஒற்றையடிப் பாதை தெரிகிறது. பாதையின் நடுவே மைக்கூட்டைக் கவிழ்த்தாற்போல ஒரு கறுப்பு உருவம். முகம் தெரியவில்லை. நான்கு கால் இருப்பது மட்டும் தெரிகிறது. இது என்ன பிராணி?

லயத்தில் பத்துப் பேரிடம் காட்டினால் பத்து விதமான பதில் வரும். "கரடிதாண்ணே, முதுகைப் பாருங்க" என்பார் ஒருவர். "அட சும்மா இருப்பா, அது மண்டோர் வீட்டு நாய்" என்பார் இன்னொருவர். வயதான பாட்டி ஒருவர் முனியாண்டி சாமியின் பெயரைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். யாராவது "கரும்புலி" என்று வாயைத் திறந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியற்காலை இருட்டில் பால்வெட்டுக்குப் போகிற பெண்களுக்கு அன்று தூக்கம் போயிற்று. இப்போது கைப்பேசி வேறு வந்துவிட்டது. ஒரு தோட்டத்துப் படம் அன்று மாலைக்குள் ஒன்பது தோட்டத்துக்குப் போய்விடுகிறது. போகும்போது உருவமும் வளர்கிறது!

படத்தில் உள்ளது எது என்று சரியாகத் தெரிந்துகொள்வதில் நமக்கு என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்கலாம். ஆகிறது. நாயைப் புலி என்று எண்ணினால் வேலை கெடும். சிறுத்தையை நாய் என்று எண்ணினால் ஆட்டுக்குட்டி போகும். ஏதோ ஒரு பயத்தில் எவரோ கம்பிச் சுருக்கு வைத்துவிட்டால், இந்த நாட்டில் எண்ணி எடுக்கக்கூடிய அளவுக்குக் குறைந்துவிட்ட ஓர் உயிர் போகும். இந்தக் கறுப்பு உருவத்தின் புதிருக்கு நம் நாட்டிலேயே, திரங்கானு மாநிலத்துக் கென்யிர் காட்டில், ஓர் அழகான விடை கிடைத்தது. அந்த இடத்தைத்தான் இந்த முறை பார்க்கப் போகிறோம்.

ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயில் மலையேறுங்கள். பேராக்கிலும் சிலாங்கூரிலும் இருக்கும் வாசகர்களுக்கு இதுவே வசதியான வழி. சாலை சுற்றிச் சுற்றி ஏறிக் கேமரன் மலையின் கம்போங் ராஜாவைத் தொடும். அங்கே குளிர் காதைப் பிடிக்கும். தேயிலைக் காடுகளில் நம்மவர் கைபட்ட நிரைகள் சீவிவிட்ட தலைபோல் ஒழுங்காக இருப்பதைப் பார்த்து, ஒரு குவளை தேநீர் குடித்துவிட்டுப் புறப்படுங்கள். பிறகு லோஜிங். அதன் பின் இறக்கம், குவா மூசாங். சுண்ணாம்புக் குன்றுகள் சாலையோரத்தில் திடீர் திடீரென்று எழுந்து நிற்கும் ஊர் அது. பெட்ரோலை அங்கேயே நிரப்பிக்கொள்வது நல்லது. அடுத்து வரும் நீண்ட சாலையில் கடை கண்ணி அதிகமில்லை.

குவா மூசாங்கைத் தாண்டி ஆரிங் பக்கம் வரும்போது இரு பக்கமும் செம்பனை. ஏக்கர் கணக்கில், மைல் கணக்கில் செம்பனை. பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் திரங்கானு எல்லையை நெருங்க நெருங்கக் காடு சாலைக்கு இறங்கி வந்துவிடுகிறது. மரங்களின் உயரம் மாறுகிறது. காற்றின் வாசமே மாறுகிறது. 'யானை கடக்கும் இடம்' என்று படம் போட்ட மஞ்சள் பலகைகள் வரும். அவை அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல, வேகத்தைக் குறையுங்கள். ஓரிடத்தில் சாலையையே பாலம்போல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். கீழே பார்த்தால் அகன்ற ஆறு ஒன்றும் தெரியாது. பின் எதற்குப் பாலம்? வாகனம் மேலே போகட்டும், யானையும் கடமானும் புலியும் கீழே நடந்து போகட்டும் என்பதற்காகத்தான். ஒரு பக்கத்துக் காட்டையும் மறு பக்கத்துக் காட்டையும் சாலை இரண்டாக வெட்டிவிட்டது. வெட்டியதை ஓரளவேனும் தைத்து வைக்கும் முயற்சி இது.

இந்தக் காட்டுத் துண்டைத்தான் கென்யிர் வனவிலங்கு வழித்தடம் என்கிறார்கள். தெற்கே அது தாமான் நெகாராவோடு போய்ச் சேர்கிறது.

ஏரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கென்யிர் ஏரி இயற்கையாக உண்டானதன்று. மின்சாரத்துக்காக 155 மீட்டர் உயரத்தில் அணை கட்டினார்கள். 1985-இல் அந்த வேலை முடிந்தது. பள்ளத்தாக்குகளில் தண்ணீர் நிரம்ப, குன்றுகளின் உச்சிகள் மட்டும் தீவுகளாக மிஞ்சின. அப்படி ஏறத்தாழ 340 தீவுகள்! முழுகிப்போன காட்டின் பட்ட மரங்கள் இன்னும் தண்ணீருக்குள்ளிருந்து வெள்ளைக் கம்புகளாக நீட்டிக்கொண்டு நிற்கின்றன. காலையில் பனிமூட்டத்தில் படகில் போகும்போது அந்த மரங்கள் அருகே வந்து வந்து விலகும். மனத்தை என்னவோ செய்யும் காட்சி அது. தண்ணீர் ஏறியபோது அங்கிருந்த பிராணிகளெல்லாம் எந்த மேட்டுக்கு ஓடியிருக்கும் என்ற எண்ணம் வராமல் போகாது.

சரி, படப்பெட்டிக்கு வருவோம்.

காட்டில் பிராணியைத் தேடிப் போனால் பிராணி அகப்படாது. நாம் ஒரு மைல் தொலைவில் வரும்போதே அதற்குத் தெரிந்துவிடும். ஆகவே ஆய்வாளர்கள் ஒரு சிறு பெட்டியை மரத்தில், நம் முழங்கால் உயரத்துக்குச் சற்று ஏறக்குறைய, பட்டை போட்டுக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். பெட்டியின் முகத்தில் உடற்சூட்டை உணரும் கருவி இருக்கிறது. சூடுள்ள உடம்பு ஒன்று அசைந்து போனால் உடனே கேமரா விழித்துப் படமெடுக்கும். பகல் என்றால் வண்ணப் படம். இருட்டிவிட்டால் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிக் கறுப்பு வெள்ளைப் படம். இது பகல், இது இரவு என்று தெரிந்துகொள்ள அதற்கு வெளிச்சத்தை உணரும் தனிக் கண் ஒன்று உண்டு. இந்தச் சின்னக் கண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

மாதக்கணக்கில் பெட்டி காட்டில் தனியாகக் கிடக்கும். மின்கலம் தீர்ந்துபோகும், எறும்பு கூடு கட்டும், யானை வந்து பிடுங்கிப் பார்க்கும், சில சமயம் மனிதனும் பிடுங்கிக்கொண்டு போவான். இவ்வளவையும் தாண்டித் திரும்பி வரும் படங்களில்தான் நம் கறுப்பு உருவம் இருக்கிறது.

மலாய்க்காரர்கள் அதை 'ஹரிமாவ் கும்பாங்' என்பார்கள். கும்பாங் என்றால் வண்டு. வண்டின் முதுகுபோல் பளபளக்கும் கறுப்பு என்று பொருள்படப் பெயரிட்ட அந்த மனிதர் நன்றாகத்தான் பார்த்திருக்கிறார். புள்ளி போட்ட சிறுத்தைக்கு வேறு பெயர், 'ஹரிமாவ் பிந்தாங்'. பிந்தாங் என்றால் நட்சத்திரம். பெயர் இரண்டாக இருப்பதால் பிராணியும் இரண்டு என்று பலர் எண்ணுகிறார்கள். நம் தோட்டங்களிலும் 'கரும்புலி' தனி ஜாதி, மற்றதைவிடக் கொடியது என்ற பேச்சு உண்டு. உண்மை என்னவென்றால் இரண்டும் ஒரே சிறுத்தைதான். ஒரே தாய்க்கு ஒரே பிரசவத்தில் புள்ளிக் குட்டியும் கறுப்புக் குட்டியும் பிறக்கலாம்.

எப்படி? தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுப்பது மெலனின் என்ற பொருள். அதை எங்கே எவ்வளவு போடுவது என்று கட்டளையிடும் மரபணுவில் ஒரு சிறு மாறுதல் ஏற்பட்டால் கருமை உடம்பு முழுவதும் பரவிவிடுகிறது. சிறுத்தையில் இந்த மாறுதல் அடங்கிக் கிடக்கும் தன்மை கொண்டது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பங்கும் சேர்ந்தால்தான் குட்டி கறுப்பாகும். ஒரு பங்கு மட்டும் வந்தால் குட்டி புள்ளியோடு பிறந்து, அந்தக் கருமையை யாருக்கும் தெரியாமல் தன் குட்டிகளுக்குக் கொண்டுபோகும். அப்படிப்பட்ட இரண்டு புள்ளிச் சிறுத்தைகள் சேர்ந்தால் நான்கில் ஒன்று கறுப்பாகப் பிறக்க வாய்ப்புண்டு. இரண்டு கறுப்புச் சிறுத்தைகள் சேர்ந்தாலோ எல்லாமே கறுப்புதான். தென் அமெரிக்காவின் ஜாகுவார் என்ற பெரும்பூனையிலும் கறுப்பு உண்டு. ஆனால் அதற்கு ஒரு பங்கே போதும். வெளிப்பார்வைக்கு ஒரே கருமைதான், உள்ளே கணக்கு வேறு.

இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் புள்ளிச் சிறுத்தைதான் வழக்கம், கறுப்பு அபூர்வம். நம் தீபகற்பத்திலோ எல்லாம் தலைகீழ்! தாய்லாந்தின் தெற்கே நிலம் ஒடுங்கிக் கழுத்துபோலாகும் இடத்துக்குக் கிரா பூசந்தி என்று பெயர். அதற்குத் தெற்கே உள்ள சிறுத்தைகள் ஏறக்குறைய அத்தனையும் கறுப்பு. கே கவனிஷி என்ற ஜப்பானிய ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் பல காடுகளில் பல ஆண்டுகள் எடுத்த படங்களை ஒன்றுசேர்த்து 2010-இல் இதை வெளியிட்டார்கள். நானூற்றுக்கும் மேற்பட்ட கருஞ்சிறுத்தைப் படங்கள் அந்தக் கணக்கில் இருந்தன. ஏன் இப்படி ஆயிற்று? அடர்ந்த மழைக்காட்டின் மங்கிய வெளிச்சத்தில் கறுப்பு உடம்புக்கு மறைவு அதிகம் என்பது ஒரு கருத்து. எப்போதோ சிறுத்தைகளின் எண்ணிக்கை மிகவும் குறைந்து, மிஞ்சிய சிலவற்றின் நிறமே பின்னால் வந்தவற்றுக்கெல்லாம் வாய்த்தது என்பது மற்றொரு கருத்து. இரண்டுக்கும் இதில் பங்கு இருக்கக்கூடும். ஒரு வேடிக்கையையும் கேளுங்கள். கடல் தாண்டினால் சுமத்ராவில் சிறுத்தையே கிடையாது, போர்னியோவிலும் கிடையாது, அப்பால் ஜாவாவில் மட்டும் புள்ளியும் கறுப்புமாகக் கலந்து இருக்கிறது. ஆகவே சபா, சரவாக் வாசகர்கள் யாராவது கருஞ்சிறுத்தையைப் படம் பிடித்ததாகச் சொன்னால் கொஞ்சம் நிதானமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் கறுப்பு என்றால் அதில் ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது. எண்ணுவது எப்படி?

வரிப்புலியை எண்ணலாம். ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இராது, நம் கைரேகைபோல. படங்களை அடுக்கிவைத்து, இது அந்தப் புலி, இது புதுப் புலி என்று பிரித்துவிடலாம். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவாகவே மிஞ்சியுள்ளன என்று அப்படித்தான் தெரியவந்தது. புள்ளிச் சிறுத்தையையும் புள்ளியை வைத்துப் பிரிக்கலாம். கருஞ்சிறுத்தையை? பத்துப் படம் கிடைத்தால் பத்துச் சிறுத்தையா, அல்லது ஒரே சிறுத்தை பத்து முறை நடந்ததா? யாராலும் சொல்ல முடியவில்லை. காட்டில் எத்தனை இருக்கின்றன என்பதே தெரியாமல், குறைகிறதா கூடுகிறதா என்று எப்படிச் சொல்வது? கறுப்பாக இருந்த ஒரே காரணத்தால் இந்தப் பிராணி கணக்கேட்டுக்கு வெளியே நின்றது.

இங்கேதான் கென்யிர் காட்டு ஆய்வாளர்களுக்கு ஒரு யோசனை பிறந்தது. கருஞ்சிறுத்தையின் உடம்பில் புள்ளி இல்லாமல் இல்லை. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் பூவேலை செய்ததுபோல் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. மிருகக்காட்சிசாலையில் கருஞ்சிறுத்தையைப் பார்க்க நேர்ந்தால், வெயில் சாய்வாக அதன் விலாவில் விழும் நேரத்தில் கூர்ந்து பாருங்கள், வளையம் வளையமாகத் தெரியும். அகச்சிவப்பு ஒளியில் இது இன்னும் தெளிவு. அந்த ஒளி படும்போது புள்ளிக்கு இடைப்பட்ட மயிர் ஒளியைத் திருப்பி அனுப்பிச் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. புள்ளி மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. இரவுப் படங்களில் சிறுத்தை தன் உண்மை உருவத்தைக் காட்டிவிடுகிறது, பகல் படங்களில்தான் மைக்கூடு!

அப்படியானால் பகலிலும் கேமராவை இரவு என்று நம்பவைத்தால்? வெளிச்சத்தை உணரும் அந்தச் சின்னக் கண்ணை மூடிவிட்டார்கள். அவ்வளவுதான் வேலை. கண் மறைந்ததும் கேமரா எந்நேரமும் இருட்டு என்றே எண்ணிக்கொண்டு, நண்பகலிலும் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சியது. வந்த படங்களில் சிறுத்தைகள் புள்ளி புள்ளியாக நடந்து போயின. கிடைத்த சிறுத்தைப் படங்களில் நூற்றுக்கு 94-ஐ இன்ன சிறுத்தை என்று அடையாளம் சொல்ல முடிந்தது. பல வெள்ளி கொடுத்துப் புதுக் கருவி வாங்கி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பிரட்டுக்களத்தில் நம்மவர் கைவேலையாகச் செய்யும் ஒட்டு வேலைபோன்ற ஒன்றுதான். லாரி ஹெட்ஜஸ் என்பவரை முதலாசிரியராகக் கொண்டு 2015-இல் இந்த ஆய்வு வெளிவந்தது. ஆசிரியர் வரிசையில் கடைசியாக கோபாலசாமி ரூபன் கிளெமென்ட்ஸ் என்ற பெயர் இருக்கிறது. கோபாலசாமி என்ற பெயரை அங்கே பார்த்தால் நம்மவர்களுக்கு ஒரு சந்தோஷம் வரத்தானே செய்யும்!

இடப்பக்கப் புள்ளி வேறு, வலப்பக்கப் புள்ளி வேறு என்பதால் இப்படிக் கணக்கெடுப்பவர்கள் பாதையின் இரு பக்கமும் பெட்டி கட்டுவது வழக்கம். பிறகு கணக்கு எப்படிப் போடுகிறார்கள்? குளத்தில் பத்து மீனைப் பிடித்து வாலில் அடையாளம் போட்டு விட்டுவிடுங்கள். மறுவாரம் பத்து மீன் பிடித்ததில் ஐந்துக்கு அடையாளம் இருந்தால் குளத்தில் சுமார் இருபது இருக்கும் என்று ஊகிக்கலாம். சிறுத்தைக்கு அடையாளத்தை இயற்கையே போட்டு வைத்திருக்கிறது, நாம் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. உண்மையான கணக்கு இதைவிடச் சிக்கலானது, ஆனால் அடிப்படை இதுவே. கென்யிரில் வந்த விடை 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்று சிறுத்தை.

நமக்குப் பழகிய அளவில் சொன்னால் 24,700 ஏக்கருக்கு மூன்று. உங்கள் தோட்டம் எத்தனை ஏக்கர் என்று கிராணியாரிடம் கேட்டுப் பாருங்கள். பல தோட்டங்களைச் சேர்த்தாலும் அந்த அளவு வருமா என்பது சந்தேகம். அவ்வளவு காட்டில் மூன்றே மூன்று உயிர்கள். அதில் ஒன்று கம்பிச் சுருக்கில் மாட்டினால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. நம் சிறுத்தை சேர்ந்த இந்தோசீனச் சிறுத்தை இனம், லாவோஸ், வியட்நாம் காடுகளில் அற்றுப்போய்விட்டதென்றே கருதப்படுகிறது. 2019-இல் அதை 'மிக மோசமான அழிவு அபாயம்' என்ற வரிசையில் சேர்த்தார்கள். அந்த இனத்துக்கு மிஞ்சியிருக்கும் முக்கியமான புகலிடங்களில் நம் நாட்டுக் காடும் ஒன்று.

இனி அந்த முதல் படத்துக்குத் திரும்புவோம். இப்போது பலரும் சொந்தமாகவே படப்பெட்டி வாங்கிக் கோழிக்கூட்டுப் பக்கமும் காய்கறித் தோட்டத்துப் பக்கமும் கட்டுகிறார்கள். கறுப்பாக ஏதாவது விழுந்தால் நிறத்தை விட்டுவிட்டு முதலில் வாலைப் பாருங்கள். நீண்டு, தடித்து, தரைக்கருகே தாழ்ந்து நுனியில் சற்று வளைந்திருந்தால் சிறுத்தையாக இருக்கலாம். வாலே இல்லாததுபோல் இருந்தால் கரடி. நம் நாட்டுச் சூரியக் கரடிக்கு நெஞ்சில் மஞ்சள் பிறை ஒன்று இருக்கும், உள்வளைந்த பாதத்தோடு அசைந்து அசைந்து நடக்கும். வால் புதர்போல் அடர்ந்து, உடம்பும் சடைசடையாக, காது நுனியில் மயிர்க்குச்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அது பிந்துரோங். மரமேறிப் பழம் தின்னும் பிராணி, கோழிக்காரர்களைத் தவிர வேறு யாரும் கவலைப்படத் தேவையில்லை. நாய்க்குக் கால் நீளம், வயிறு ஒட்டி மேலேறியிருக்கும், முகம் நீண்டிருக்கும். சிறுத்தையின் தலை உருண்டை, காது சிறிது, கால் உடம்புக்குக் குட்டை.

பொன்னிறப் பூனை என்ற காட்டுப் பூனையிலும் முழுக் கறுப்பு உண்டு. இதுதான் தேர்ந்தவர்களையும் திணறவைப்பது. அதன் உடம்பு சிறுத்தையை அப்படியே சிறிதாக்கியதுபோல் இருக்கும், நிறையோ பெரும்பாலும் 16 கிலோவுக்குள்தான். ஆகவே அளவு தெரிய வேண்டும். அளவு எப்படித் தெரியும்? பிராணி போய்விட்டது, ஆனால் மரம் அங்கேயே இருக்கிறதல்லவா! படத்தில் அதன் பக்கத்தில் தெரியும் மரத்தை அல்லது கல்லைத் தேடிப் போங்கள். பிராணியின் முதுகு அந்த மரத்தில் எதுவரை வந்தது என்று பார்த்து அடிக்கோலால் அளந்துகொள்ளுங்கள். அல்லது உயரம் தெரிந்த ஒருவரை அதே இடத்தில் நிறுத்தி அதே பெட்டியால் ஒரு படமெடுங்கள். தோள்பட்டை இரண்டடியை எட்டினால் அது பூனையாக இராது. அளக்காமல் கண்மதிப்பில் சொல்லும் பேச்சை நம்பவே வேண்டாம். பெட்டிக்கு அருகில் வரும் வீட்டுப் பூனை படத்தில் புலியாகத் தெரியும்.

தாப்பீரும் மக்களை ஏமாற்றும். முன்னும் பின்னும் கறுப்பு, நடுவில் வெள்ளைப் போர்வை போர்த்தியதுபோல் இருப்பதால் பொதுவாகக் குழப்பமில்லை. ஆனால் திரங்கானுவிலேயே ஜெராங்காவ் காட்டில் 2000-ஆம் ஆண்டில் வெள்ளையே இல்லாத முழுக் கறுப்புத் தாப்பீர் கேமராவில் விழுந்தது. அப்போதும் அந்தத் தொங்கும் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று, மழையில் நனைந்த எந்தப் பிராணியும் ஒரு படி கறுத்துத்தான் தெரியும். ஒரே படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் புரட்டுங்கள். பகல் படம் மைக்கூடாக இருந்தால் அதே இடத்து இரவுப் படத்துக்குக் காத்திருங்கள். விலாவில் வளையம் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது.

சிறுத்தைதான் என்று உறுதியாகிவிட்டால்? அது பொதுவாக மனிதரைக் கண்டால் விலகும் பிராணி. அதன் கண் நம்மீது இருப்பதைவிட நம் நாய்மீதும் ஆட்டின்மீதுமே இருக்கும். ஆட்டுக் கொட்டகையை மாலையிலேயே அடைத்துவிடுங்கள், நாயை வெளியில் கட்டிப்போடாதீர்கள், கோழிக்கழிவைக் காட்டோரத்தில் கொட்டாதீர்கள். பிள்ளைகளை அந்தி சாய்ந்தபின் காட்டோரம் விடாதீர்கள். வெட்டுக்குப் போகிறவர்கள் கொஞ்ச நாளைக்குக் கூட்டமாகப் பேசிக்கொண்டே போகலாம். எதிர்ப்பட்டால் ஓட வேண்டாம், முகத்தைக் காட்டியபடியே பின்வாங்குங்கள். துரத்துவதும் சுற்றி வளைப்பதும் கூடவே கூடாது. அகப்பட்டுக்கொண்ட பிராணிதான் பாயும். படத்தை நிர்வாகத்திடம் காட்டி, மாவட்டப் பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். இடம், தேதி, நேரம் மூன்றும் இருந்தால் அவர்களுக்கு வேலை எளிது. கைப்பேசியில் ஊருக்கெல்லாம் அனுப்பும் படத்தில் மட்டும் இடத்தின் பெயரைப் போடாதீர்கள். அந்தச் செய்திக்காகவே காத்திருக்கும் வேட்டைக்காரர்கள் இருக்கிறார்கள்.

ஜெராட் என்று மலாயில் சொல்லும் கம்பிச் சுருக்கைப் பற்றியும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். காட்டுப்பன்றிக்கு என்று வைப்பார்கள். சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. கால் மாட்டினால் கம்பி எலும்புவரை இறங்கும். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறுத்தை முழுப் பாதுகாப்புப் பெற்ற பிராணி, சுருக்கு வைப்பதும் குற்றம். 2022-இல் அந்தச் சட்டத்தின் தண்டனைகளை மேலும் கடுமையாக்கிவிட்டார்கள். பன்றி தோட்டத்தைக் கெடுக்கிறது என்பது உண்மைதான், வேலி போட்டு, நிர்வாகத்திடம் முறையிட்டு அதற்கு வழி காண வேண்டும்.

கென்யிருக்குப் போகிறவர்கள் நவம்பர் முதல் ஜனவரி வரை உள்ள பருவமழை மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். படகுகள் பெங்காலான் காவி துறையிலிருந்து புறப்படும். குடும்பமாகப் பத்துப் பேர் சேர்ந்து ஒரு படகு பிடித்தால் ஆளுக்கு விழும் செலவு குறையும். ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். லாசிர் நீர்வீழ்ச்சியைக் கேட்டால் படகோட்டியே கொண்டுபோய் விடுவார். தூண்டில் பிரியர்களுக்குத் தோமான் மீன் உண்டு. கெலா மீன் பாதுகாக்கப்பட்ட பகுதியில் தூண்டில் போட முடியாது, ஆனால் கூட்டம் கூட்டமாகக் காலைச் சுற்றி வருவதைப் பார்க்கலாம், பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள்.

சிறுத்தையைப் பார்த்துவிடலாம் என்று மட்டும் எண்ணிப் போகாதீர்கள், பார்க்க மாட்டீர்கள். தண்ணீர் இறங்கிய நாட்களில் கரைச் சேற்றில் காலடியைப் பார்க்கக் கிடைத்தாலும் கிடைக்கும். விரல் தடத்துக்கு முன்னால் நகம் குத்திய புள்ளி இருந்தால் நாய். பூனை இனம் நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் அந்தப் புள்ளி இராது. அகலம் மூன்று அங்குலத்தை ஒட்டியிருந்தால் சிறுத்தையாக இருக்கலாம், நான்கு அங்குலத்தைத் தாண்டினால் புலியை நினையுங்கள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படமெடுத்துக்கொண்டு, படகுக்குத் திரும்பிவிடுங்கள்.